மாடிப்படிக்குக் கீழே ஒரு மீட்டர்

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், தத்தா வீட்டு முதல் மாடியில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வீட்டுக்காரரிடம் எதையும் கேட்கக் கூடாது. குழாய் ஒழுகினால் அடியில் வாளி வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் அரசங்கன்று முளைத்தால் அதையும் வீட்டில் ஒருத்தராக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கேட்டால், பதிலுக்கு அவர் வீட்டைக் கேட்பார்.

வைத்தீஸ்வரனின் தாத்தா குடி வந்தபோது பேசிய வாடகை, அவர் அப்பா காலத்தில் ஒரு தரமும் இவர் காலத்தில் ஒரு தரமும் சற்றே புரண்டு படுத்ததோடு சரி. "உங்க மாச வாடகையை எடுத்துக்கிட்டு பஜாருக்குப் போனா ஒரு கிலோ பாவ்தா மீன் வராது பௌதி" என்று கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் தத்தா பாபு வங்காளியில் சிரித்துக்கொண்டே சொல்வார். பௌதி என்றால் அண்ணி. வைத்தீஸ்வரனின் மனைவி மகேஸ்வரியும் சிரித்துக்கொண்டே மாடியேறிவிடுவாள். மீனே தொடாதவளுக்கு மீன் விலை எதற்கு?

மகேஸ்வரி பிறந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆயிற்று. அதில் இருபது வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தாள். மாமியாரிடமிருந்து வந்த அந்தச் சட்டத்தை மாமியாரைவிடக் கறாராகக் காத்தவள் அவள்தான். ஆம்பன் புயலில் கூடத்து ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு பறந்து, ஸ்டேஷனில் நின்ற டயமண்ட் ஹார்பர் லோக்கலில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டது என்று சந்து முழுக்கப் பேச்சு. மகேஸ்வரி கீழே போய்க் கேட்கவில்லை. பழைய கேரம் பலகையை எடுத்து ஜன்னலில் வைத்து ஆணி அடித்தாள். விருந்தாளி கேட்டால், "காத்து ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டாள்.

காற்று அங்கே நிஜமாகவே ஜாஸ்தி. தெற்குப் பார்த்த பால்கனி, சிவப்பு சிமெண்டுத் தரை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. தெற்கே திறந்த வீடு கிடைப்பதற்குக் கொல்கத்தாவில் ஜனங்கள் கோயில் கோயிலாக நேர்ந்துகொள்வார்கள். "என்னை இங்கேயிருந்து கிளப்ப எமன்தான் வரணும்" என்று மகள் மதுவிடம் மகேஸ்வரி அடிக்கடி சொல்வாள்.

எமன் வரவில்லை. மின்சார வண்டி வந்தது.

வைத்தீஸ்வரன் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறைமுகத்தில் ஒரு சரக்குப் பெட்டி எத்தனை நாள் சும்மா கிடந்தது, அதற்கு எவ்வளவு அபராதம் என்று கணக்குப் போட்டே தலை நரைத்தவர். வீட்டில் ஒரு தம்ளர் பால் மேஜைமேல் சும்மா நின்றால்கூட அவருக்குக் கை பரபரக்கும். ஓய்வுப் பணத்தைப் பேங்கில் சும்மா கிடக்க விடுவாரா? ஒரு மின்சாரக் கார் வாங்கினார். பச்சை நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து, அதாவது வாடகை வண்டி. கப்பலிலிருந்து இறங்கும் அதிகாரிகளைத் துறைமுகத்திலிருந்து டம்டம் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலையைப் பழைய ஆபீசே கொடுத்தது. ஓட்டுவதும் அவரே.

சாவியைக் கொடுத்த விற்பனைப் பையன் சும்மா கொடுத்திருக்கலாம். போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னான்: "ஃபாஸ்ட் சார்ஜ் அவசரத்துக்கு மட்டும் போடுங்க சார். தினமும் அதையே போட்டா பேட்டரி சீக்கிரம் தளர்ந்துடும். புதுசு மாத்தணும்னா கிட்டத்தட்ட பாதி வண்டி விலை." உபநயனத்தின்போது காதில் ஓதிய மந்திரம்கூட வைத்தீஸ்வரன் மனதில் அப்படி இறங்கியிருக்காது.

அலிப்பூரில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜ் நிலையம் இருந்தது. ஒரு டீயும் ஒரு பேப்பரும் முடிவதற்குள் வண்டி வயிறு நிறைந்துவிடும். ஆனால் யூனிட்டுக்கு வீட்டு விலையைப் போல் மூன்று மடங்கு. அதற்கு மேல் பேட்டரித் தேய்மானம். வீட்டில் போட்டால் மலிவு, பேட்டரிக்கும் இதம், ஆனால் சாயங்காலம் சொருகினால் விடியும்வரை ஏறும். வைத்தீஸ்வரன் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார். வீடுதான் என்று முடிவாயிற்று. தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிற கை யாருடையது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

கொல்கத்தாவில் மாடிவீட்டுப் பெண்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவார்கள். கீழே காய்கறிக்காரன் கத்தரிக்காயைப் போட்டால் மேலே இழுத்துக்கொள்வார்கள். அதே கயிற்றில் மகேஸ்வரி தினமும் சார்ஜர் கம்பியை இறக்கினாள். கீழே வைத்தீஸ்வரன், பேரப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி வண்டியில் சொருகினார். சந்துக்காரர்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கிண்டல் செய்தார்கள். "பௌதி, உங்க வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்தறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

குளுக்கோஸ் யாருக்கு ஏற்றியிருக்க வேண்டும் என்பது வேறு கதை. அந்த வீட்டு மின்சார லைன் தாத்தா காலத்தது. கம்பியைச் சொருகிவிட்டு ஏ.சி.யைப் போட்டால் படக்கென்று மொத்த வீடும் இருட்டு. ஃப்ரிட்ஜைப் போட்டாலும் பாதி நாள் அப்படித்தான். லைனைப் பெரிதாக்கலாம்தான். அதற்குத் தத்தா பாபுவின் கையெழுத்து வேண்டும். சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே வண்டி குடிக்கிற நேரம் முழுக்க வீட்டில் ஒரு விளக்கு, ஒரு ஃபேன்.

"ஏன்னா, ஃப்ரிட்ஜையாவது போட்டுக்கறேனே. மாவு புளிச்சுப் பொங்கி வழியறது."

"புளிச்சா தோசையா வார்த்துடு. பேட்டரி கெட்டா எதை வார்ப்பே?"

மதுவுக்கு ராஜார்ஹாட்டில் ஒரு கம்பெனியில் வேலை, ஜாகையும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமை வருவாள். படுக்குமுன் சூடு தணிய அம்மா தலையணையை ஈரத்துணியால் துடைப்பதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, வீக்ல ரெண்டு தடவை ஃபாஸ்ட் சார்ஜ் போடு. எய்ட்டி பெர்சென்ட் வந்ததும் நிறுத்திடு. ஒண்ணும் ஆயிடாது. எல்லாரும் அப்படித்தான் பண்றா."

"தினமும் ஹோட்டல்ல சாப்பிட்டா குடல் என்ன ஆகும்?"

"தினமும் யார் சொன்னா? ரெண்டு நாள்!"

"வாரத்துக்கு ரெண்டு நாள் குடிக்கறவனை நீ என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவே?"

"தூர் பாபா!" என்று மது வங்காளியில் தலையில் அடித்துக்கொண்டாள். "மா, நீ எங்கூட வந்துடு. ரெண்டு மாசம் இரு."

"நான் போயிட்டா கயிறை யாரு இறக்குவா?" என்றாள் மகேஸ்வரி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே உறைத்தது.

பேட்டரியின் ஆரோக்கியத்தைச் சொல்ல வைத்தீஸ்வரனின் போனில் ஒரு பக்கம் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. யார் வந்தாலும் போனைத் திறந்து, பெற்ற பிள்ளையின் மார்க்கைக் காட்டுகிற மாதிரி காட்டுவார். பால்காரனுக்குக் காட்டினார். கொலு பார்க்க வந்த மாமிகளுக்குக் காட்டினார். ஒருமுறை மகேஸ்வரியைப் பரிசோதிக்க வந்த டாக்டருக்கே காட்ட, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது யாரோட ரிப்போர்ட்?" என்று கேட்டாராம்.

அந்தத் தொண்ணூற்றெட்டைக் காப்பாற்ற வைத்தீஸ்வரன் சவாரிகளையும் விட்டார். பகலில் ஆபீசிலிருந்து இரண்டாவது சவாரிக்கு அழைப்பு வரும். வண்டியில் முப்பது சதவீதம் இருக்கும். அலிப்பூரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் டம்டம் போய்த் திரும்பலாம். "இன்னிக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று மகேஸ்வரி கேட்பாள்.

"வண்டிக்குத்தான்."

"சம்பாதிக்கறதுக்கு வண்டியா, சீராட்டறதுக்கு வண்டியான்னு ஒரு நாள் முடிவு பண்ணிச் சொல்லுங்கோ."

பதில் இல்லாத கேள்விகளைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்பது கிடர்பூர் ஆபீசில் அவர் கற்றுக்கொண்ட பாடம்.

மே மாதம் வந்தது. கொல்கத்தா மேயில் காற்றையே பிழிந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுக்கலாம். தெற்குப் பால்கனியிலும் இலை அசையவில்லை. ஒரு காலை மகேஸ்வரி குளியலறை வாசலில் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்தார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தூக்கம் இல்லை, குளிர்ந்த அறையில் நன்றாகத் தூங்கட்டும் என்றார்.

"ஏன்னா, இன்னிக்கு ஒரு நாள் அலிப்பூர்ல சார்ஜ் போட்டுண்டு வந்துடுங்கோ. நான் ஏ.சி. போட்டுண்டு படுத்துக்கறேன்."

"ஆகட்டும்" என்று வைத்தீஸ்வரன் கிளம்பினார். அவர் ஒன்றும் ராட்சசர் இல்லை. வழியில் அவளுக்கு இளநீர்கூட வாங்கினார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து வண்டியை வீட்டுக்குக் கீழே நிறுத்தினார். பால்கனியைப் பார்த்து, "கம்பியை இறக்கு" என்றார்.

"போடலையா?"

"போயி, வரிசையில நின்னேன். நாப்பது டிகிரி அடிக்கறது மகேஸ்வரி. இந்தச் சூட்டுல ஃபாஸ்ட் சார்ஜ் போட்டா பேட்டரிக்கு ரொம்பக் கெடுதல். வெயில் கொஞ்சம் தணியட்டும்."

"எனக்கும் அதே வெயில்தான்னா."

"நீ ஃபேன் போட்டுக்கலாமே!" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு.

மகேஸ்வரி கம்பியை இறக்கினாள். இளநீரைக் குடிக்காமல் வாஷ்பேசினில் கொட்டினாள்.

மறுநாள் காலை, முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கீழ் வீட்டுக்கு ஒன்று கேட்கப் போனாள்.

தத்தா பாபு முண்டா பனியனோடு முற்றத்தில் உட்கார்ந்து பொரியும் பச்சை மிளகாயும் தின்றுகொண்டிருந்தார். மகேஸ்வரி நின்றபடியே வங்காளியில் சொன்னாள். மாடிப்படிக்குக் கீழே காலியாகக் கிடக்கிற மூலையில் வண்டிக்கென்று தனி லைன், தனி மீட்டர். செலவு எல்லாம் தங்களுடையது. கட்டிட உரிமையாளர் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும்.

தத்தா பாபு பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது வருஷமாகத் தூண்டில் போட்டுவிட்டு, மீனே கிடையாது என்று எழுந்து போக இருந்தவன் கையில் கயிறு இழுபட்டால் அப்படித்தான் பார்ப்பான். மகேஸ்வரிக்கு அது அப்போது தெரியவில்லை. வயதானவருக்குக் காது மந்தமோ என்று நினைத்தாள்.

"இதுக்குப் போயி தயங்கலாமா பௌதி? இது உங்க வீடு" என்றார். உள்ளே திரும்பி சந்தேஷ் இனிப்பு கொண்டுவரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாக ஒரு யோசனையும் சொன்னார். "வாடகை வண்டிக்கு வீட்டு ரேட்ல கரண்ட் எடுக்கறது தப்பு. மின்சாரக் கம்பெனிக்காரன் கயிறையும் கம்பியையும் ஒரு நாள் பார்த்தான்னா அபராதம் போட்டுடுவான். வியாபார ரேட்லயே மீட்டர் கேளுங்க. அதுவும் ஃபாஸ்ட் சார்ஜைவிட சல்லிசுதான். விண்ணப்பத்துல வாடகை வண்டின்னு தெளிவா எழுதிடச் சொல்லுங்க வைத்தி பாபுவை. நேர்மையா இருந்தா பயம் இல்லை பாருங்க."

எவ்வளவு நல்ல மனுஷன், இவரையா இத்தனை வருஷம் பாம்பு என்று நினைத்தோம் என்று மகேஸ்வரிக்கு மனசு இளகியது. சந்தேஷ் இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைக் காகிதத்தில் மடித்து வைத்தீஸ்வரனுக்குக் கொண்டுபோனாள்.

"வீட்டுக்காரன்ட்ட கேட்டுட்டியா?" வைத்தீஸ்வரன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எங்க அம்மா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா, உங்க அம்மாவும் இந்த உஷ்ணத்துல கேட்டிருப்பா. அவர் சரின்னுட்டார். கையெழுத்துப் போடறாராம்."

வைத்தீஸ்வரன் மெல்ல உட்கார்ந்தார். அபராதம், வியாபார ரேட், ஃபாஸ்ட் சார்ஜ் ரேட், பேட்டரித் தேய்மானம். உதடு அசைய ஒரு கணக்கு ஓடியது. முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! ராத்திரி பகல் எப்ப வேணா மெதுவா போட்டுக்கலாம்" என்று சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டார். விண்ணப்பத்தை அவரே எழுதினார். வாடகை வண்டி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினார். தத்தா பாபு அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் வந்தது. அந்த மழைக்காலம் மகேஸ்வரி வாழ்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏ.சி. அறையில் போர்வை போர்த்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரி பொறாமைப்படுகிற அளவுக்குத் தூங்கினாள். அவள் குறட்டையில் கேரம் பலகை ஆணி ஒன்று கழன்றே விழுந்தது என்று வைத்தீஸ்வரன் மதுவிடம் சொன்னார். பூஜைக்குத் தத்தா வீட்டிலிருந்து தேங்காய் உருண்டை வந்தது. பதிலுக்கு இவள் அதிரசம் அனுப்பினாள்.

காளி பூஜை முடிந்து பட்டாசுக் குப்பை அள்ளுவதற்குள் அலிப்பூர் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தான்.

குடியிருக்கக் கொடுத்த வீட்டில் வாடகைக்காரர் வியாபாரம் நடத்துகிறார், ஆகவே காலி செய்ய வேண்டும் என்று தத்தா பாபு வழக்குப் போட்டிருந்தார். வாடகைக் கார்த் தொழில். அதற்கென்றே வீட்டுக்குள் வியாபார மின் இணைப்பு. அதற்கு வைத்தீஸ்வரனே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த ஒப்புதல். நாற்பது வருஷமாகக் கிடைக்காத காரணத்தை மகேஸ்வரி தன் கையாலேயே கொண்டுபோய்ப் பொரிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு புரமோட்டர் காத்துக்கொண்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. சந்தில் மற்ற எல்லோருக்கும் முன்பே தெரியுமாம்.

"நீ கேட்டதால வந்தது" என்றார் வைத்தீஸ்வரன்.

"கேட்டது நான்தான். என்னைக் கேக்க வெச்சது யாரு?"

மூன்றாம் நாள் இருவரும் வக்கீலைப் பார்க்கப் போனார்கள்.

பிரிட்டோ என்று ஒரு வக்கீல். தூத்துக்குடிக் குடும்பம், பிறந்தது கிடர்பூர், அலிப்பூர் கோர்ட்டில் முப்பது வருஷம். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, இதுக்கா முகம் இப்படி வாடிப் போச்சு? அவரே கையெழுத்துப் போட்டிருக்காருல்ல? சம்மதம் குடுத்துட்டு அப்புறம் தப்புன்னா எப்படி? லைனுக்குத்தான் சம்மதிச்சேன், தொழிலுக்குச் சம்மதிக்கலைன்னு அவங்க வக்கீல் சொல்லுவாரு. சொல்லட்டும். மாடியில நீங்க சமைச்சுச் சாப்பிட்டுத் தூங்குறீங்க, வண்டி தெருவுல நிக்குது. கேஸ் நம்ம பக்கம் நிக்கும்க்கா. ஆனா ஒண்ணு. இழுக்கும். வருஷக்கணக்குல இழுக்கும்."

"இழுக்கட்டும் பிரிட்டோ. எனக்கென்ன அவசரம்? தேதிக்குத் தேதி நான் வரேன்."

அவளுக்கு அப்போது இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது. கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போகப் பருத்திப் புடவை மூன்றைக் கஞ்சி போட்டு வைத்தாள். பிரிட்டோ கேட்ட வாடகை ரசீதுகளைத் தாத்தா காலத்துத் தகரப் பெட்டியிலிருந்து வருஷ வாரியாக அடுக்கினாள். நூலகத்தில் இருபது வருஷம் அடுக்கிய கை.

வைத்தீஸ்வரன் மட்டும் மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மகேஸ்வரி அந்த உதட்டைப் பார்க்காமல் ரசீதுகளை அடுக்கினாள். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்றாலும், மதுவுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்றாலும் அந்த உதடுதான் முடிவு செய்தது.

ஒரு நாள் கோர்ட்டு வாசல் டீக்கடையில் புரமோட்டரின் ஆள் வைத்தீஸ்வரனைப் பார்த்தான். வழக்கு வேண்டாம், சமாதானமாகப் போனால் ஒரு தொகை தருகிறோம் என்றான். தொகையையும் சொன்னான். வைத்தீஸ்வரன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"கணக்குப் பார்த்துட்டேன் மகேஸ்வரி. கேஸ் நடத்தினா ஒவ்வொரு தேதிக்கும் பணம் தேஞ்சுண்டே போகும். ஜெயிக்கறதுக்குள்ள நாம இருப்போமோ மாட்டோமோ. இப்ப வாங்கிண்டா சோனார்பூர் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தது போக, பாக்கியில ரெண்டு பேட்டரி வாங்கலாம்."

"என்ன வாங்கலாம்?"

"ரெண்டு பேட்டரி. வண்டி ஆயுசுக்கும் கவலை இல்லை. ஃபாஸ்ட் சார்ஜ்கூட இனிமே தாராளமாப் போடலாம்."

மகேஸ்வரி ரசீதுகளிலிருந்து கையை எடுத்தாள். "வீட்டைக் குடுத்துட்டுப் பேட்டரியா?"

"வாடகை வீடுடி. நம்ம வீடா என்ன?"

அவர் சொன்னது சரிதான். நியாயமான வார்த்தை. அதுதான் தாங்க முடியவில்லை. வாடகை ஒப்பந்தம் தாத்தா பேரிலிருந்து அப்பா பேருக்கும், அப்பா பேரிலிருந்து வைத்தீஸ்வரன் பேருக்கும் மாறியிருந்தது. வாளி வைத்தவள் பேர், ஆணி அடித்தவள் பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவள் மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னாள், மூன்று நாள் சொன்னாள். பிரிட்டோவைப் போனில் பிடித்து, "நான் கையெழுத்துப் போடாட்டா?" என்று கேட்டாள். "உங்க கையெழுத்தை யாரும் கேக்கலையேக்கா" என்று அவர் மிகவும் சங்கடத்தோடு சொன்னார். மது வந்து அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனாள். உதடு அசையாமல் நின்றுவிட்டால் வைத்தீஸ்வரன் யாருக்கும் அசைய மாட்டார்.

ஜனவரியில் ஒரு நாள் அலிப்பூர் கோர்ட்டில் சமாதானப் பத்திரம் கையெழுத்தாயிற்று. தத்தா பாபு குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வை சுற்றிக்கொண்டு வந்திருந்தார். முடிந்ததும் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். பிரிட்டோவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு, "வைத்தி பாபு, வீட்டுக்குத்தானே போறீங்க? நானும் ஏறிக்கறேன்" என்றார்.

வைத்தீஸ்வரன் பழக்க தோஷத்தில் முன் கதவைத் திறந்துவிட்டார். மகேஸ்வரி பின்னால் உட்கார்ந்தாள்.

"சத்தமே இல்லையே!" என்றார் தத்தா பாபு, இருக்கையைத் தடவிக்கொண்டு. "பேட்டரி எல்லாம் நல்லா இருக்கா?"

"தொண்ணூத்தேழு! ஒரே ஒரு பாயிண்ட்தான் குறைஞ்சிருக்கு" என்று வைத்தீஸ்வரன் உற்சாகமாகச் சொன்னார். சிக்னலில் நின்றபோது போனைத் திறந்து காட்டவும் செய்தார்.

"பாஹ், பாஹ்!" என்று மெச்சினார் தத்தா பாபு.

பின்னால் இருந்தவளுக்கு இரண்டு பின்னந்தலைகள் தெரிந்தன. ஒன்று குல்லாய், ஒன்று நரை. இரண்டும் சேர்ந்தே ஆடின. எத்தனை ஒற்றுமை! இவர்களுக்கு நடுவில் நான்தான் வழக்கு நடத்தப் பார்த்தேனா என்று அவளுக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

சந்தில் வண்டி நின்றது. தத்தா பாபு சால்வையைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். மகேஸ்வரி கண்ணாடியை இறக்கினாள்.

"தத்தா பாபு, காசு."

"என்ன காசு பௌதி?"

"சவாரிக் காசு. இது வியாபாரத்துக்கு ஓடற வண்டின்னு கோர்ட்ல சொன்னது நீங்கதானே? எழுதியே குடுத்திருக்கீங்க. வியாபாரம்னா காசு குடுத்துட்டு இறங்கணும்."

எதிர்வீட்டுக்காரி பால்கனியில் துணி உலர்த்துவதை நிறுத்தினாள். தத்தா பாபு சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. உதவிக்கு வைத்தீஸ்வரனைப் பார்த்தார்.

"மகேஸ்வரி, என்ன அசிங்கம் இது! பெரியவர்ட்டப் போயி..." என்று தமிழில் சீறினார் வைத்தீஸ்வரன்.

"அலிப்பூர்லேர்ந்து இங்கே எவ்வளவு ஆகும்?" என்று மகேஸ்வரியும் தமிழிலேயே கேட்டாள். "சும்மாத் தெரிஞ்சுக்கறேன்."

கேள்வி கணக்கில் வந்துவிட்டது. உதடு தன்னை அறியாமல் அசைந்தது. "இந்த நேரத்து நெரிசலுக்கு... நூத்தி எண்பது" என்றார்.

"நூத்தி எண்பது" என்று மகேஸ்வரி வங்காளியில் திருப்பிச் சொன்னாள்.

தத்தா பாபு சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். "மீதி இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகேஸ்வரி கைப்பையைக் குடைந்து இருபது ரூபாய் எடுத்து, அவர் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து வாங்கிக்கொள்ளும் வரை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் உள்ளே போனதும் வைத்தீஸ்வரன் பின்பக்கம் கையை நீட்டினார். "குடு. சார்ஜ் போட ஆச்சு."

அவள் கொடுக்கவில்லை. இறங்கி, மாடிப்படிக்குக் கீழே அந்த மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிவதைத் தாண்டி மேலே போனாள். கூடத்தில் மூட்டை கட்டுவதற்காக வாங்கிப் போட்டிருந்த சாக்குகளின்மேல் உட்கார்ந்தாள். வைத்தீஸ்வரனுக்கு இரண்டு பேட்டரி. தத்தா பாபுவுக்கு அடுக்குமாடி. முப்பத்தாறு வருஷம் காத்த வீட்டில் அவள் பங்கு என்று கைக்கு வந்தது அந்த நூற்றெண்பது ரூபாய்தான். அந்த நோட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் சாக்கை விரித்தாள்.